கருமந்திக் கம்பளி

“ஒரு நாள் முழுக்க வாயே தொறக்காம இருப்பியாட்டி?” என்று உமா மகேஸ்வரி அவளிடம் ஒருமுறை கேட்டாள். இசக்கிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளால் முடிகிற ஒன்றை முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அச்சன்புதூரில் வீட்டுக்குள் பீடி சுற்றிக்கொண்டிருந்தவளை அப்பா வேல்ராஜ் பைக்கில் ஏற்றி, ஐந்தருவிக்கு மேலே இருந்த இந்தக் காப்பகத்துக்குக் கூட்டி வந்தார். அடிபட்ட காட்டு உயிர்களைத் தேற்றித் திரும்பக் காட்டில் விடும் இடம். உமாக்கா நடத்துகிறாள். காலையில் அப்பா கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் வந்து கூட்டிப்போவார். சம்பளம் கிடையாது. ஆனால் இங்கே யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

அவளிடம் ஒப்படைத்தது ஒரு கருமந்திக் குரங்குக் குட்டியை. தாய், செங்கோட்டைச் சாலையில் மின்கம்பியில் சிக்கிச் செத்துப்போனது. அதைப் புதைப்பதற்கு முன் ஓர் இரவு முழுக்க ஒரு கறுப்புக் கம்பளியில் சுற்றி வைத்தார்கள். பால் கொடுக்கிறவர் அந்தக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொள்ள வேண்டும். முகம் தெரியக் கூடாது. குரல் கேட்கக் கூடாது. தாயின் வாடை போய்விடும் என்று அதைத் துவைப்பதும் இல்லை.

“மனுசக் கொரலு பழகிட்டுன்னா காட்டுக்குப் போவாது பாத்துக்க. அருவிக்கரையில வடைக்குக் கை நீட்டிக்கிட்டு நிக்கும்,” என்றாள் உமாக்கா. “ஒன்னத் தாயா எடுத்துக்கிடலன்னா வேற எங்கயாவது அனுப்பிர வேண்டியதுதான். நீயும் வீட்டுக்குப் போயி பீடியச் சுத்து.”

கூண்டுக்கு இரண்டு கதவுகள். நடுவே ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு இடைவெளி. கம்பளி அங்கேதான் தொங்கும். கருமந்தியின் கைக்கு எட்டாதபடி வெளிக்கதவுக்குக் கொக்கி வெளியே இருந்தது. உள்ளே விட்டுக் கொக்கி போடுவது உமாக்கா. வேலை முடிந்து தட்டினால் திறப்பதும் அவள்தான்.

சாரல் பிடித்த ஒரு நாள், குட்டி பாலைக் குடிக்கவில்லை. அவள் புட்டியை வாயருகே கொண்டுபோனாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கும்மென்று நிறைந்திருந்தது. உதட்டு ஓரத்தில் பால், ஈரம் காயாமல்.

மறுநாளும் அப்படித்தான். வெளியே அருவியின் இரைச்சலும் தகரக் கூரைமேல் மழையும் ஒன்றாகக் கலந்து காதுக்குள் பஞ்சாக அடைத்துக்கொண்டிருந்தன. ஈர இலையும் மூத்திரமும் அழுகின கொய்யாவுமாகக் கூண்டின் வழக்கமான நாற்றம். அதற்கு அடியில், கருகிய மயிரின் மெல்லிய வாடை. கம்பளியை எடுத்துத் தலையில் போட்டவள் அப்படியே நின்றாள். உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டிவிட்டுப் போனதைப் போல.

அன்று அவள் துணிந்து வாய் திறந்தாள். “யக்கா, குட்டிக்கு வேற ஆராவது பால் குடுக்காகளா?”

உமாக்கா சிரித்தாள். “ஏ யப்பா, பேசிட்டியே! வேற ஆருட்டி குடுக்கப் போறா? கொக்கி என் கையில, கம்பளி ஒன் தலையில. வயிறு உப்புசமா இருக்கும், நாளைக்குப் பாப்போம்.”

அதற்குமேல் சொல்ல அவளுக்கு வரவில்லை. சொன்னால் பயந்தவள் என்பார்கள். பயந்தவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த சாயங்காலம் மலை கீழே இறங்கி வந்ததுபோல மூட்டம். உமாக்கா அவளை உள்ளே விட்டுக் கொக்கியைப் போட்டாள். ஈரத்தில் சதக் சதக்கென்று நடந்து போனாள். செல்வி கம்பளிக்குக் கை நீட்டினாள்.

ஆணி மட்டும் இருந்தது.

உள்கதவு லேசாகத் திறந்திருந்தது. குட்டி தப்பித்திருக்குமோ என்ற பதைப்பில் உள்ளே போனாள். மூலையில், வைக்கோல்மேல், கம்பளி போர்த்தி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் குட்டி. சப்பிக் குடிக்கும் சத்தம். புட்டி செல்வியின் கையில்தான் இருந்தது.

அந்தத் தலை நிமிர்ந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

அது எழுந்தது. அவள் உயரம். அவளைப் போலவே இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நின்றது. கருகின வாடை நெருங்கி வந்தது. செல்வி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அது குனிந்தது. குட்டியை அவள் மடியில் வைத்தது. மெதுவாக. பத்திரமாக.

பிறகு உள்கதவைச் சாத்திக்கொண்டு போய், வெளிக்கதவைத் தட்டியது.

அவள் தட்டும் விதம் அதுதான்.

கொக்கி விலகியது. “முடிஞ்சிட்டா?” உமாக்காவின் குரல். “குடிச்சுதா?” பதில் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. “மழைக்குக் கம்பளியப் போத்திக்கிட்டே போறியா? சரி போ. நாளைக்கு மறக்காமக் கொண்டாந்துரு. துவைச்சுராதட்டி.”

கொக்கி விழுந்தது.

செல்வி வாயைத் திறந்தாள். காற்று. இன்னும் ஒருமுறை. வெறும் காற்று. குட்டி அவள் சட்டையை இறுகப் பற்றியது. முகத்தை மார்பில் தேய்த்தது. இத்தனை நாளில் ஒருமுறையும் அப்படிச் செய்ததில்லை.

கம்பி வலை வழியாக வாசல் தெரிந்தது. அப்பாவின் பைக் வெளிச்சம் மூட்டத்தில் மஞ்சளாக ஊறி வந்து நின்றது.

அப்பா. கத்தினாள். உடம்பு முழுவதையும் திரட்டிக் கத்தினாள். வந்தது மனிதக் குரல் இல்லை.

“ஐயோ பாவம், குட்டிதான்,” என்றாள் உமாக்கா, அப்பாவைப் பார்த்து. “நம்ம பிள்ள வெளிய வந்தவொடனே அழுவுது பாருங்க அண்ணாச்சி. தாயின்னே நெனைச்சிட்டு.”

“அப்படியா!” அப்பாவின் முகம் மலர்ந்ததை அங்கிருந்தே பார்க்க முடிந்தது. “ஏட்டி, ஒன்னயும் ஒண்ணு தேடுது பாரு. வீட்டுக்கு வந்து இதையாவது அம்மைட்ட வாயத் தொறந்து சொல்லு.”

செல்வி மறுபடி கத்தினாள். வலையை உலுக்கினாள். மழை கனத்தது.

கம்பளி பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை வந்தது. நீண்ட, கறுத்த விரல்கள். அவை அப்பாவின் தோளைச் சுற்றிப் பிடித்தன.

“குளிருதாம்மா?” என்று கேட்டு, திரும்பிப் பார்க்காமலே அந்தக் கைமேல் தட்டிக்கொடுத்தார் அப்பா.

பைக் இறக்கத்தில் திரும்பியது.