பத்தொன்பது சதவீத பேட்டரி

மாலை 3:32. சிட்டுவின் திரையில் பறந்துகொண்டிருந்த வீரன் திடீரென்று தவணை முறையில் நடக்க ஆரம்பித்தான். 3:34க்குச் செத்தான். அணி தோற்றது.

வீடியோ கேம் இறுதிப் போட்டியின் கடைசி இருபது நிமிடம் பேட்டரிச் சுற்று. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப் தன் சொந்தத் தெம்பில் ஓட வேண்டும். இதில் சிட்டுவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் லேப்டாப் தானாகத் தடுமாறியது என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

“விலை போயிட்டா,” என்றார் கேப்டன்.

மேடையில் எதையும் தொடக் கூடாதென்று நடுவர் உத்தரவு போட்டார். சிட்டுவுக்கான தடைக் கடிதத்தையும் அச்சடித்து வைத்தார். இரண்டு வருடம் எந்தப் போட்டியும் கிடையாது. ஐந்து மணிக்குக் கையெழுத்து.

4:10. ரிப்பேர் மேசைப் பெண்மணியை வரவழைத்தார்கள். எல்லோருக்கும் அவள் திருகாணி. இயந்திரத்தைச் சட்டென்று நம்புவாள், மனிதர்களிடம் அந்தப் பெருந்தன்மை கிடையாது.

“பேட்டரிக்காக என்னென்ன பண்ணி வெச்சே?” என்று சிட்டுவைக் கேட்டாள்.

“வெளிச்சம் பாதி. பின்னாடி ஓடுற புரோகிராம் எல்லாம் மூடிட்டேன். வேகத்துக்கு பெர்ஃபார்மன்ஸ் மோடு. நொடிக்கு அறுபது ஃபிரேமோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல போனா பேட்டரிக்கு மூச்சு வாங்கும்.”

எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. லேப்டாப்பின் பதிவேட்டில் ஒன்று மட்டும் உதைத்தது. 3:32க்குச் சுற்று தொடங்கும்போதே பேட்டரி பத்தொன்பது சதவீதம். இருபதுக்குக் கீழே போனால் இந்த லேப்டாப் யாரையும் கேட்காமல் வேகத்தைக் குறைத்துச் சிக்கன மோடுக்கு மாறிவிடும்.

“ஒரு மணிக்கு நூறு இருந்துச்சுக்கா. சார்ஜர்ல லைட்டும் எரிஞ்சுது.”

“அப்புறம் பார்க்கலியா?”

“கேம் முழுத் திரையையும் அடைச்சுக்கும். எங்க பார்க்கறது?”

திருகாணி மேசைக்கடியில் குனிந்தாள். சார்ஜரின் மிச்ச ஒயர் அழகான வளையமாகக் கிடந்தது. பக்கத்து மேசைகளில் ஒயர்கள் சார்ஜர் கட்டையையே இறுக்கிச் சுற்றியிருந்தன.

4:25. கேப்டன்.

“சாப்பாட்டு நேரத்துல அவ மேசைக்குப் போனீங்களா?”

“போனேன். மவுஸைத் தள்ளி வெச்சேன். அவ எடத்துல என் மச்சானை உட்கார வைக்கப் பார்க்கறேன்னு சொல்லுவாங்க. ஆமா, பார்க்கறேன். அதுக்காக?”

4:35. அரங்கின் பின்பக்கம், ஒலி மேசை. அங்கே சிட்டுவின் அண்ணன். வேலையில்லாமல் இருந்தவனை அவள்தான் சொல்லி இங்கே சேர்த்துவிட்டாள். மைக்கும் நேரலை வீடியோவும் அவன் பொறுப்பு. பேசிக்கொண்டே மைக் ஒயரை ஒரு வளையம் மேலே, ஒரு வளையம் உள்ளே என்று சுற்றினான். போதாதென்று ஒரு முனையைப் பிடித்து உதறினான். முறுக்கே இல்லாமல் நீண்டது.

“மத்தியானம் மேடைக்குப் போனீங்களா?”

“மைக் வைக்கப் போனேன். பாவம் மேடம் அவ.”

4:50. எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டாள் திருகாணி. சிட்டுவின் சார்ஜரைத் தூக்கிக் காட்டினாள்.

“இது அறுபத்தஞ்சு வாட். இந்த லேப்டாப்புக்கு இருநூத்தி முப்பது வேணும். முனை பொருந்தும், லைட்டும் எரியும். ஆனா கேம் ஓடுனா பத்தாததை பேட்டரியிலேருந்து உறிஞ்சும். ஒரு மணிக்கு மேல யாரோ மாத்தியிருக்காங்க.”

“யார் வேணாலும் மாத்தியிருக்கலாமே?” என்றார் கேப்டன்.

“ஆடறவங்க ஒயரைக் கட்டையில சுத்துவாங்க. இதைப் பாருங்க.” உதறினாள். ஒயர் முறுக்கில்லாமல் நேராக விழுந்தது. “ஒரு சுத்து மேலே, ஒரு சுத்து உள்ளே. மைக் ஒயர் சுத்திப் பழகின கை. அவசரத்துலயும் பழக்கம் விடல. சிட்டுவோட சார்ஜரை ஒலி மேசைக்கடியில பார்த்தேன். மாத்தினது இவளோட அண்ணன்.”

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்தான்.

“நேரலை ஓடுற என் லேப்டாப்போட பெரிய சார்ஜர் தொலைஞ்சுபோச்சு. சின்னதை வெச்சு சமாளிச்சேன். ஒரு மணிக்கு பன்னெண்டு சதவீதம்தான் இருந்துச்சு. நேரலை நின்னா வேலை போயிடும். அவளுக்குத்தான் நூறு இருக்கே, லைட்டும் எரியுதேன்னு மாத்திட்டேன்.”

“மாத்தினது தெரியாம செஞ்ச தப்பாவே இருக்கட்டும். என்னை விலை போயிட்டான்னு சொன்னப்போ ஏண்ணா பேசல?” என்று கேட்டாள் சிட்டு.

“சொன்னா வேலை போயிடும். உனக்கு ரெண்டு வருஷம்தானேன்னு...”

அந்தக் கணம் திருகாணிக்கே அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

4:58. நடுவர் கடிதத்தைக் கிழித்தார். சுற்று நாளை மறுபடி நடக்கும் என்று அறிவித்தார். பிறகு சிட்டுவிடம் திரும்பினார். “இவரை நீதான்மா சேர்த்துவிட்டே. வெச்சுக்கட்டுமா, அனுப்பட்டுமா?”

“சிட்டு...” என்றான் அண்ணன்.

“அனுப்பிடுங்க சார்,” என்றாள். குரல் உடைந்தது. ஆனாலும் சொன்னதை அவள் மாற்றவில்லை.