தடை சொல்ல வந்தவள்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தை முதலில் திறப்பவள் நான்தான். பூ வைப்பது, பீடத்து விரிப்பை மாற்றுவது, மெழுகு வழிந்து காய்ந்த இடங்களைச் சுரண்டுவது எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. அதனால் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று சபையில் எல்லாரும் சொல்வார்கள். இருக்கட்டுமே.

அன்றைக்கும் பூ வாளியோடு போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தது. பாசி பிடித்த தண்ணீரின் நாற்றமும் அதோடு கலந்திருந்தது. யாரோ விடியற்காலையில் வந்து கழுவி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் தரையைத் தொட்டுப் பார்த்தேன். தூசியாக இருந்தது. சரி, ஜன்னலைத் திறந்தால் போய்விடும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அன்று வேறு நினைப்பு. என் தங்கையின் திருமண அறிவிப்பு முதல் முறையாக வாசிக்கப்படும் நாள் அது.

முப்பத்தைந்தைத் தாண்டியவள் என் தங்கை. தையல் கடை வைத்திருக்கிறாள். ஊரில் உள்ள கல்யாண உடுப்பையெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்கு, தனக்கென்று ஒன்று தைக்க அதுவரை வாய்க்கவில்லை. இப்போது மாப்பிள்ளையாக வந்திருப்பவர் எங்கள் சபையின் பாட்டு மாஸ்டர். பாடகர் குழுவை நடத்துகிறவர். கம்பீரமான குரல், மடிப்புக் கலையாத சட்டை, வயதான அம்மாமார்களைக் கைபிடித்துப் படி இறக்கி விடும் பண்பு. மனைவியை இழந்தவர். அது ஒன்றுதான் குறை என்றார்கள்.

அந்த மனைவியை நாங்கள் மெதுவம்மா என்போம். அவ்வளவு சன்னமான குரல். வணக்கம் சொன்னால்கூட உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாடகர் குழுவின் பின்வரிசையில் நிற்பாள், ஆனால் பாடமாட்டாள். "உனக்குச் சுதி சேரல, வாயை மட்டும் அசை" என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். பல வருடம் அப்படி வாயை மட்டும் அசைத்துக்கொண்டே நின்றாள், பாவம்.

பீடத்துக்கு முன்னால், பலகைத் தளத்துக்கு அடியில், ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. பெரியவர்கள் முழுக்கு எடுப்பதற்காகக் கட்டியது. தேவைப்படும்போது பலகைகளைத் தூக்கித் தண்ணீர் நிரப்புவார்கள். ஒரு மாலை அதைக் கழுவ இறங்கிய மெதுவம்மா வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனாள். குழாய் வேறு திறந்தே இருந்தது. "விளக்கு எரியல, வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சு நான்தான் பலகையை மூடினேன்" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மூடிய பலகைமேல் நின்று அன்று பாட்டுப் பயிற்சி வேறு நடத்தியிருக்கிறார். மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். சபையே அவருக்காக உருகியது. அதன் பிறகு மாஸ்டரே யார் கையிலும் கொடுக்காமல் பலகைகளைத் திரும்ப அடுக்கி, மேலே சிவப்புக் கம்பளத்தை ஆணி வைத்து அடித்துவிட்டார்.

எங்கள் சபையில் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிக்காமல் கல்யாணம் இல்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், மணமகன் மணமாகாதவர், அல்லது மனைவியை இழந்தவர், பெண்ணும் அப்படியே. வாசித்து முடித்ததும், "இதற்குத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லலாம்" என்று போதகர் கேட்பார். கொஞ்ச நேரம் எல்லாரும் மௌனமாக இருப்போம். ஏதாவது ஒரு குழந்தை இருமும், யாருடைய செல்போனாவது கத்தும், அவ்வளவுதான். தடை சொல்லி ஒருவர் எழுந்ததை நான் பார்த்ததே இல்லை.

அன்று போதகர் வாசித்தார். மாஸ்டரின் பெயர், அவர் அப்பா பெயர், வேலை. பிறகு நேராக என் தங்கையின் பெயருக்குப் போய்விட்டார். மனைவியை இழந்தவர் என்ற வார்த்தையே வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"இதற்குத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால்..."

மௌனம்.

டொக்.

கம்பளத்துக்கு அடியிலிருந்து வந்தது.

பக்கத்தில் இருந்த என் மகன் குனிந்து, "எலிம்மா" என்று சிரித்தான். முன்வரிசையில் மாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் விரல் அப்படியே நின்றது.

ஆராதனை முடிந்ததும் போதகரைப் பின்னறையில் பிடித்தேன்.

"ஐயா, ஒரு வார்த்தையை முழுங்கிட்டீங்களே."

"மாஸ்டர்தான் கேட்டுக்கிட்டாரும்மா. பழசைக் கிளற வேணாமேன்னு. அவர் மனசு நோகும்ல?"

"செத்தவ மனசு நோகாதா? அவ வாழ்ந்தான்னு சொல்ல நம்ம சபையில அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா" என்று தலையாட்டினார். நல்ல மனிதர்தான். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார், அதுதான் அவருக்கு வியாதி.

அந்த வாரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தார். தங்கை தன் வெள்ளை உடுப்புக்குக் கையால் பூ வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவர் காபியை வைத்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நீயும் குழுவுல வந்து நில்லு. பாட வேணாம், உனக்குச் சுதி நிக்கல. வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

மெதுவம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை. அவர் போனதும் தங்கையிடம், "இந்த ஆளு வேணாம்டி, எனக்கு மனசு ஒப்பல" என்றேன்.

"எல்லாத்துக்கும் குத்தம் கண்டுபிடிக்காத அக்கா" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "எனக்கும் ஒரு நல்லது நடக்கட்டுமே."

அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? என்ன ஆதாரம் இருக்கிறது என்னிடம்?

இரண்டாம் ஞாயிறு வாடை இன்னும் அதிகமாக இருந்தது. ஜன்னல்களைத் திறந்தும் போகவில்லை. போதகர் மறுபடியும் அந்த வார்த்தையை விட்டுவிட்டார். என்னைப் பார்க்காமல் வாசித்தார்.

"தடை ஏதும் அறிந்தவர்..."

டொக். டொக்.

இந்த முறை நிற்கவில்லை. கை வலிக்க, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி தட்டுவது போலக் கேட்டது. தட்டலுக்கு நடுவே மரத்தை யாரோ பிராண்டும் ஓசை.

யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் சட்டென்று எழுந்தார். "பாடுங்க" என்றார் குழுவைப் பார்த்து. "சத்தமா பாடுங்க. இன்னும் சத்தமா." டிரம் வாசிக்கும் பெரியவர் கையைத் தூக்கினார், ஆனால் அடிக்கவில்லை. கீபோர்டு வாசித்த பெண் அதற்கு முந்தின வருடம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போனதிலிருந்து குழுவுக்கு அவர்தான் எல்லாம். அவளும் என் மகனும் எப்போதும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏன் போனாள் என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்பான். கீபோர்டு உறை போட்டபடி மூலையில் கிடந்தது.

வெளியே வந்ததும் டிரம் பெரியவர் என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"அம்மா செத்த அன்னிக்கும் இப்படித்தான்மா" என்றார் கிசுகிசுப்பாக. "ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வச்சார். டிரம்மை ஓங்கி அடிங்க, ஓங்கி அடிங்கன்னு. எனக்கு அப்போ புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விழுந்ததும் அவள் செத்திருந்தால் அவர் எதற்குச் சத்தத்தை மறைக்க வேண்டும்?

தங்கையிடம் சொன்னேன். அவள் ஊசியை நூலோடு துணியில் குத்தி வைத்தாள். பிறகு, "மூணாவது வாரமும் வாசிக்கட்டும் அக்கா. அவ என்ன சொல்றான்னு நானும் கேக்குறேன்" என்றாள்.

மூன்றாம் ஞாயிறு ஆலயம் நிரம்பி வழிந்தது. எட்டிப் பார்க்க ஊரே வந்திருந்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். மாஸ்டர் புதுச் சட்டையில் வந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். போதகர் தாளை எடுத்தார். அந்த வார்த்தை வரும் இடத்தில் நின்றார், மாஸ்டரைப் பார்த்தார், தாண்டிப் போய்விட்டார்.

"தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லலாம்."

மௌனம்.

தட்டல் இல்லை.

மாஸ்டரின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு படர்ந்தது. போதகர் தாளை மடித்தார்.

"எனக்கு இருக்கு."

சன்னமான குரல். வேறு நேரமாக இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் அத்தனை பேருக்கும் கேட்டது.

கம்பளத்தின் நடுவில் ஈரம் ஊறி, விளிம்பு வரை பரவியது.

"அதைப் பிரிங்க" என்றாள் தங்கை. போதகர் வாயைத் திறந்தார். "நீங்க பேசாதீங்க ஐயா" என்று அவரை நான் அடக்கினேன். என் மகனும் இன்னும் சிலரும் சேர்ந்து ஆணிகளைப் பிடுங்கிக் கம்பளத்தைச் சுருட்டினார்கள். முதல் பலகையைத் தூக்கிப் புரட்டிப் போட்டார்கள்.

பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் கீறல். விரல் விரலாக, மரம் பிய்ந்து சிலும்பு எழும்பும் அளவுக்குக் கீறல். ஓரிடத்தில் நகம் ஒன்று அப்படியே செருகி நின்றது.

தொட்டியோ காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நின்னுடும்னு நெனச்சேன்" என்றார் மாஸ்டர். யாரும் அவரைக் கேட்கவில்லை. பலகையைப் பார்த்து அவராகவே பேசினார். "ஒரு பாட்டு முடியறதுக்குள்ள நின்னுடும்னு நெனச்சேன். அவ தட்டிக்கிட்டே இருந்தா."

தங்கை மோதிரத்தைக் கழற்றி அவர் காலடியில் போட்டாள். அது உருண்டு தொட்டிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் தண்ணீரில் கல் விழுந்த சத்தம்.

மாஸ்டர் தொட்டியின் படியில் கால் வைத்தார். அவராக வைத்தது போல் இல்லை. வலது கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது, யாரோ பிடித்து இறக்குகிற மாதிரி. வயதானவர்களை அவர் அப்படித்தான் இறக்கி விடுவார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். கத்தினார். கத்தினார் என்றுதான் நினைக்கிறேன்.

வாய் மட்டும் அசைந்தது.

காய்ந்த தரையில் மல்லாந்து படுத்தார். ஆண்கள் நான்கைந்து பேர் குதித்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள், அசைக்க முடியவில்லை. அவர் கைகள் தலைக்கு மேலே காற்றைப் பிராண்டின. பிறகு விழுந்துவிட்டன. அதற்கப்புறம் எளிதாகத் தூக்க முடிந்தது. வெளியே கிடத்தியபோது வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும் தண்ணீர். நான்தான் துடைத்தேன். எனக்குத் துளிகூட இரக்கம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொட்டியைக் கல்லும் சிமெண்டும் போட்டு மூடினோம். போதகர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். தங்கை அந்த வெள்ளை உடுப்பை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அறிவிப்பு என்றாலே எங்கள் சபையில் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கப் பார்ப்பார்கள். வேறு ஆலயத்தில் வாசிக்கச் சொல்லலாமா என்று அம்மாமார்கள் மெல்லக் கேட்பார்கள். நான் விடமாட்டேன். "உங்க பையன் சுத்தம்னா எதுக்குப் பயம்? இங்கேயே வாசிக்கட்டும். அவ பொய் சொல்ல மாட்டா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவேன். வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் மௌனம் மௌனமாகவே இருந்தது. கல்யாணங்கள் நடந்தன.

போன ஞாயிறு என் மகனுக்கு அறிவிப்பு. வேறு ஆலயத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவன் சொன்னான். நான்தான் கேட்கவில்லை. எத்தனை பேரிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன், என் பிள்ளைக்கு மட்டும் ஒளிக்க முடியுமா?

புதுப் போதகர் வாசித்தார். மணமகன் மணமாகாதவர் என்றார் தெளிவாக.

"இதற்குத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லலாம்."

மௌனம்.

டொக்.

கல்லுக்கும் சிமெண்டுக்கும் அடியிலிருந்து.

மகனின் கால்களைப் பார்த்தேன். அவன் செருப்பைச் சுற்றித் தரை நனைந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. மூலையில் உறை போட்டுக் கிடந்த, சொல்லாமல் போன அந்தப் பெண்ணின் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போதகர் இன்னொரு முறை கேட்டார். சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. அவர்களுக்குத் தெரியும், நான் வாய் பேசுகிறவள்.

எழுந்து நின்றேன்.

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.