ஆள்வழி அலை

மெர்லின் அபாயச் சங்கை ஊதி மலையையே காலி செய்துவிட்டாள். அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

குருசடிமலையின் மண்ணுக்குள் புதைத்திருந்த உணரிகள், மேல்சரிவு நகர்வதை மதியமே சொல்லிவிட்டன. ஆனால் அவற்றின் சன்னமான அலையை நனைந்த ரப்பர்த் தோட்டம் விழுங்கிவிடும். அதற்காக அவள் கண்டுபிடித்ததுதான் தாவல்வளை. மலைவாசிகளின் மணிக்கட்டில் கிடக்கும் அந்த வளை, பக்கத்து உணரியின் சேதியை வாங்கி அடுத்த ஆளின் வளைக்குத் தள்ளும். ரப்பர்ப் பால் வெட்டுபவர், கடைக்குப் போகிறவர் என ஆளுக்கு ஆள் தாவி அது அடிவாரம் வந்துவிடும். ஒரு சேதியும் தவறியதில்லை. இனி அலைக்கோபுரங்கள் எதற்கு என்று அவளே சொல்லி, எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட வைத்தாள்.

இப்போது ஆளும் இல்லை, அலையும் இல்லை.

மண் ஓடைப் பக்கம் சரிந்தால் அடிவாரத்துச் சந்தை பிழைத்தது. சந்தைப் பக்கம் திரும்பினால், மலையிலிருந்து இறங்கி அங்கே தங்கியிருக்கும் அத்தனை பேரும் பாலம் தாண்டியாக வேண்டும். பாலத்தின் மேல் வெள்ளம் இடுப்பளவு ஓடியது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர்களை அந்த வெள்ளத்துக்குள் அனுப்பிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசியாக இறங்கிய அவள் தம்பி அன்றோ சொட்டச் சொட்ட வந்து நின்றான். அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒரு வளைக்குக் கூப்பிடு தூரம்தான் எட்டும், அதனால் ஒருவர் போதாது என்றும் சொன்னாள்.

"அப்பம் மலை பேசுகத கேக்க நாங்க திரும்ப ஏறணும், அப்பிடித்தானக்கா?"

அவனைத் தடுக்க வேண்டுமென்று தோன்றியும், வளைகளைப் புள்ளிகளாகக் காட்டும் திரையைத்தான் அவள் இயக்கினாள். அவன் சேக்காளிகளைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைப் பாதையில் ஏறினான். சந்தைக்கு மேலே ஏறும் பாதையைவிட அதுவே பத்திரம் என்று எல்லோருமே நினைத்தார்கள். திரையில் பச்சைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறின. உச்சி உணரிக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. மெர்லின் ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"அன்றோ, இன்னும் கொஞ்சம் மேல ஏறுடே."

ஏறினான். சேதி தெளிவாக வந்தது. மண் ஓடைப் பக்கம்தான் இறங்குகிறது, சந்தைக்கு ஆபத்தில்லை.

தொண்டை கிழிய எல்லோரையும் இறங்கச் சொன்னாள். புள்ளிகள் மேலிருந்து அணையத் தொடங்கின. அவர்கள் வரிசை கலைந்து இறங்கி வருவதால்தான் அணைகின்றனவா, ஓடைப் பக்கம் இறங்கிய மண் மூடியதாலா என்பதைச் சொல்ல மலையில் இனி ஆளில்லை.