பட்டியலில் பத்துப் பேர்

கே.கே. நகரில் மென்பொருள் எழுதும் சிறு அலுவலகம் ஒன்றில் தேவிகாவுக்கு வேலை. காலை ஒன்பது மணிக்கே அவள் பழங்காநத்தம் வந்து வசுந்தராவின் கதவைத் தட்டினாள். வசுந்தரா இருபது ஆண்டுகள் தபால் பிரித்தவள். இப்போது பிறர் சிக்கல்களைப் பிரிக்கிறாள். கணவர் அசோக்குமார் அவளுக்கு உதவியாளர், கேட்காமலே.

நிரல் எழுதும் கருவி ஒன்றுக்கு அலுவலகம் ஐந்து உரிமம் வாங்கியிருந்தது. அதில் மூன்று விதத் திட்டம். எதில் என்ன அடக்கம் என்பது விற்றவருக்கே தெளிவில்லை. ஒன்று மட்டும் உறுதி: உரிமம் கணினிக்கு அல்ல, பெயருக்கு. இப்போது விற்ற நிறுவனம், பத்துப் பேர் பயன்படுத்துவதாகப் பட்டியல் அனுப்பியிருக்கிறது. தேவிகா வெளியாருக்கு உரிமத்தை விற்றுவிட்டாள் என்கிறார் முதலாளி பாலமுரளி. மாலைக்குள் விளக்கம் இல்லையென்றால் போலீஸ்.

பட்டியல் ஆங்கில அகரவரிசையில் இருந்தது. பாலமுரளி, பவதாரிணி, பீமாராவ், தேவிகா, கருப்பு, நாகசுப்பிரமணியன், ராக்கம்மாள், சாய்பிரசாத், சூர்யபிரகாஷ், வெள்ளைத்துரை. தெரிந்த பெயருக்கு டிக், தெரியாததற்குக் கேள்விக்குறி என்று சிவப்பு மையில் குறித்துவந்த பாலமுரளியின் கை, ராக்கம்மாளைச் சுற்றி வட்டம் போட்டு அங்கேயே நின்றிருந்தது.

"ராக்கம்மாள் எங்கம்மா பேருக்கா. அப்பா இல்லாததால இனிஷியலே அவங்கதான். கீழக்குயில்குடியில வயவேலை பாக்குறாங்க. கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்ல."

"அப்ப ஹேக்கிங்தான் வசு," என்றார் அசோக்குமார்.

"நீங்க வண்டிய எடுங்க."

அலுவலக வாசலில் 'வெ. பாலமுரளி' என்று பித்தளைப் பலகை. வசுந்தரா அதை நின்று வாசித்தாள். உள்ளே அவள் கேட்டது ஒன்றுதான்: கருவியின் புதுப் பதிப்பைப் போட்டது யார்? வெளியாள் ஒருவர் ஒரே நாளில் ஐந்து கணினிகளிலும் போட்டாராம். அவருக்கு ஊழியர் விவரக் கோப்பை எடுத்துக்கொடுத்தது பாலமுரளியே.

வசுந்தரா ஐவரையும் உட்காரவைத்தாள்.

"பழைய பதிப்புல நீங்களே பேரைப் பதிஞ்சீங்க. முதல் கட்டத்துல இனிஷியல், கடைசிக் கட்டத்துல சொந்தப் பேரு. நம்ம ஊரு வழக்கம். புதுப் பதிப்பு ஒத்தை எழுத்தை ஏத்துக்காது. இப்பதான் இவர் போட்டுப் பார்த்தார்."

அசோக்குமார் பெருமையோடு தலையாட்டினார்.

"வந்தவரு கோப்பைப் பார்த்து இனிஷியலை விரிச்சு, அதைக் கடைசிக் கட்டத்துல போட்டுட்டாரு. பட்டியல் கடைசிக் கட்டத்தை மட்டும் காட்டும். பழைய பதிவும் அழியாததால ஒவ்வொருத்தரும் ரெண்டு பேராயிட்டீங்க. இந்தக் குழப்பத்தை நான் தபால்ல தினம் பார்த்தவ. உங்கப்பா பேரு என்ன தம்பி?"

"பீமாராவ்," என்றான் சாய்பிரசாத். சூர்யபிரகாஷ் கருப்பு என்றான். பவதாரிணி நாகசுப்பிரமணியன் என்றாள்.

பாலமுரளி நாற்காலியில் நெளிந்தார். "நம்ம ஆளுங்க இல்லாத பேருல அந்த அம்மா பேரு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச பேரா இருந்துச்சு. அதான்..."

"அதோட பேனாவை மூடிட்டீங்க. கடைசி வரைக்கும் வாசிங்க."

அவர் விரல் மெல்லக் கீழே இறங்கி வெள்ளைத்துரையில் நின்றது.

"எங்கப்பா. தவறி நாலு வருசமாச்சு."

"அவருக்கும் உரிமத்தை வித்தது இந்தப் பிள்ளைதானா?"

தேவிகா பட்டியலைக் கையில் எடுத்தாள்.

"பதில் கடிதம் நான் எழுதுறேன் சார். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. இனிஷியலை விரிச்சுப் போடுங்க."