வ. நாகேஸ்வரி யார்?

“என்ர கட்டுரையை நான்தான் களவெடுத்தனானாம்” என்றாள் அந்தப் பெண், கதிரையில் அமர்வதற்கு முன்பே.

வவுனியாவில் மருந்துக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது ஜெமீலாவின் அலுவலகம். வங்கியொன்றின் மோசடி விசாரணைப் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறியும் வேலை செய்துவந்தார். அவருடைய கூட்டாளி சுகிர்தன், பத்திரிகை நிருபர் வேலையை உதறிவிட்டு வந்தவன். கதையைப் பாதி கேட்டதும் குற்றவாளியைச் சொல்லிவிடத் துடிப்பவன்.

“இருந்து ஆறுதலாச் சொல்லுங்கோ, தங்கச்சி” என்றார் ஜெமீலா.

அவள் பெயர் தாட்சாயினி. முல்லைத்தீவுக்காரி, பல்கலைக்கழக ஆய்வு மாணவி. களப்பு எனப்படும் கடலோர உப்புநீர் ஏரியில் இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். கிளிநொச்சியிலிருந்து வரவிருந்த ‘களப்பு’ என்னும் ஆய்விதழுக்கு உசாத்துணை நடையை உருவாக்கிக் கொடுத்தவளும் அவளே.

“உசாத்துணை நடை எண்டால்?” என்று கேட்டான் சுகிர்தன்.

“கட்டுரையின்ர கடைசியில, ஆரின்ர புத்தகத்தைப் பாத்தது, ஆரோட கதைச்சது எண்டு ஒரு பட்டியல் வருமெல்லோ. அதில பெயர் எப்பிடி வரவேணும், ஆண்டு எங்க வரவேணும் எண்டு கணினிக்குச் சொல்லிக் குடுக்கிற ஒழுங்கு. வெளிநாட்டு ஒழுங்குகள் எங்கட பெயரை விட்டிட்டு அப்பாவின்ர பெயரைத் தூக்கி முன்னுக்கு வைக்கும். அதால எங்களுக்கெண்டு ஒண்டைப் பொங்கலுக்குப் பிறகு செய்யத் தொடங்கினனான்.”

நடையைப் பரிசோதிக்க, தன்னுடைய கட்டுரையையே அதில் ஓட்டி, அந்த முதல் வடிவத்தில் வந்த பிரதியை ஆசிரியர் குழுவின் இருவருக்கு அனுப்பியிருந்தாள். ஒருவர் பிரதம ஆசிரியர் இளையதம்பி. மற்றவர் துணை ஆசிரியர் கலாநிதி குலவீரசிங்கம்.

“முதல் வடிவத்தில தகப்பன் பெயரைக் கணினியே சுருக்கி முதலெழுத்தா ஆக்கும். சுருக்கிறது வேண்டாம், அவரவர் போடுற முதலெழுத்தே அப்பிடியே வரட்டும் எண்டு இளையதம்பி சேர் சொன்னார். அந்தக் கட்டளையை எடுத்திட்டன். பிறகு அந்த வடிவத்தை நான் திரும்பிப் பாக்கவேயில்லை.”

சித்திரையில் ஒரு மாநாட்டு மலர் வெளிவந்தது. அதில் ஏறக்குறைய அவளுடைய கட்டுரையே குலவீரசிங்கத்தின் பெயரில் இருந்தது. அவள் பல்கலைக்கழகத்திலும் ஆய்விதழிலும் முறையிட்டாள். அவரோ தன் கணினியைத் திறந்து, முந்தைய கார்த்திகை மாதத் திகதியிட்ட கோப்பைக் காட்டினார். பல்கலைக்கழகம் அவளுடைய பதிவை இடைநிறுத்தியது. சனிக்கிழமை ஆய்விதழின் விசாரணை. அங்கும் தோற்றால் படிப்பு முடிந்தது.

தாட்சாயினி இரண்டு பட்டியல்களையும் மேசையில் விரித்தாள். குலவீரசிங்கம் நிறுத்தக்குறிகளையும் ஆண்டுகளையும் இடம் மாற்றியிருந்தார். பெயர்களிலும் வேறுபாடு இருந்தது. அவளுடையதில் ‘கோ. சதாசிவம்’, அவருடையதில் ‘க. சதாசிவம்’. அவளுடையதில் ‘மு. ஜமால்தீன்’, அவருடையதில் ‘ம. ஜமால்தீன்’. ‘வீ. நாகேஸ்வரி’ அங்கே ‘வ. நாகேஸ்வரி’. ‘த. பரமலிங்கம்’ மட்டும் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது.

“அவரின்ரதில பிழை இருக்கு, என்ரதில இல்லை. பிழையானதுதானே முதல் எழுதினது, திருத்தினது பிறகு வந்த பிரதி எண்டு குழுவில ஒருத்தர் சொல்லுறார்.”

ஜெமீலா விரலால் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். “இந்த நாகேஸ்வரி ஆர்?”

“வட்டுவாகலில இறால் வியாபாரம் செய்யிறா. பெண்கள் சங்கத்தின்ர தலைவி. நான் அவாவோட கதைச்சுப் பதிவுசெய்தனான். தானும் கதைச்சதா அவரும் எழுதியிருக்கிறார்.”

“அந்த முதல் வடிவம் இப்பவும் உங்களிட்ட இருக்கோ?”

“ஓம், மடிக்கணினியில கிடக்கு.”

“அதைத் தொடாதேங்கோ. சனிக்கிழமை கொண்டுவாங்கோ.”

அடுத்த நாள் ஜெமீலாவும் சுகிர்தனும் வட்டுவாகலுக்குப் போனார்கள். நாகேஸ்வரி இறால் கூடைகளுக்குப் பனிக்கட்டி போட்டுக்கொண்டே பேசினார்.

“குலவீரசிங்கம் எண்டு ஒருத்தர் வந்து கதைச்சவரோ, அம்மா?” என்று சுகிர்தன் ஆவலோடு கேட்டான்.

“எத்தினையோ பேர் வருகினம், தம்பி. படம் எடுக்கினம், கேள்வி கேக்கினம், போகினம். ஆரின்ர முகத்தை நான் ஞாபகம் வைக்கிறது?”

சுகிர்தனின் முகம் தொங்கிப்போனது. ஜெமீலா அதைக் கவனிக்காதவர்போல், “உங்கட அப்பாவின்ர பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

“வீரகத்தி.”

“சனிக்கிழமை தாட்சாயினிக்காக எங்களோட கிளிநொச்சிக்கு வருவீங்களோ?”

“அந்தப் பிள்ளையை நல்லாத் தெரியும். அதுக்கு உதவி எண்டால் வாறன்.”

சனிக்கிழமை காலை ‘களப்பு’ அலுவலகத்தில் நீண்ட மேசையைச் சுற்றி எல்லோரும் அமர்ந்தார்கள். இளையதம்பி தலைமை வகித்தார். குலவீரசிங்கம் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவருக்கு நேரெதிரே நாகேஸ்வரி இருந்தார். ஜெமீலா யாரையும் அறிமுகப்படுத்தவில்லை. குலவீரசிங்கம் நாகேஸ்வரியைப் பார்த்து, “அம்மா, அந்தத் தண்ணிப் போத்தலை இஞ்சால தாங்கோ” என்று வாங்கிக் குடித்தார்.

“கலாநிதி, உங்கட பட்டியலில சில முதலெழுத்துகள் வேறை மாதிரி இருக்குதே?” என்று தொடங்கினார் ஜெமீலா.

“தட்டச்சுப் பிழை. அவசரத்தில எழுதினது. அதுவே என்ரதுதான் மூலம் எண்டதுக்குச் சாட்சி.”

“வட்டுவாகல் நாகேஸ்வரியோட நேரில கதைச்சனீங்களோ?”

“அவாவின்ர வீட்டுக்கே போய்க் கதைச்சனான்.”

“பெயரைக் கேட்டு எழுதினனீங்களோ?”

“ஆய்வாளன் பெயரைக் கேக்காமல் விடுவானோ?”

“அப்ப ‘வ.’ எண்டது தட்டச்சுப் பிழையோ, சரியான எழுத்தோ?”

குலவீரசிங்கம் குனிந்து தன் பட்டியலைப் பார்த்தார். நேரில் சந்தித்ததை உறுதியாக்க நினைத்திருக்கவேண்டும். “அது சரி. வல்லிபுரம். வல்லிபுரம் நாகேஸ்வரி. நல்லா ஞாபகம் இருக்கு.”

எதிர்க் கதிரை கிறீச்சிட்டது.

“எங்கட அப்பாவுக்கு ஆர் ஐயா பெயர் மாத்தினது?” என்று எழுந்தார் நாகேஸ்வரி. “நான் வீரகத்தியின்ர மகள். என்ர கையால தண்ணி வாங்கிக் குடிச்சும் என்னை ஆரெண்டு தெரியேல்லையே உங்களுக்கு?”

குலவீரசிங்கம் தண்ணீர்ப் போத்தலைத் தள்ளி வைத்தார். இளையதம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப அந்த ‘வ.’ எங்கயிருந்து வந்தது?” என்று அவர் கேட்டார்.

“அதை இந்தப் பிள்ளை காட்டுவா, சேர்” என்றார் ஜெமீலா. “தங்கச்சி, உங்கட முதல் வடிவத்தை ஓட்டுங்கோ.”

தாட்சாயினி விசையைத் தட்டினாள். புரொஜெக்டர் சுவரில் வீழ்த்திய வெளிச்சத்தில் பட்டியல் வரிவரியாக வந்தது. க. சதாசிவம். ம. ஜமால்தீன். வ. நாகேஸ்வரி. த. பரமலிங்கம்.

“ஐயோ!” என்று தாட்சாயினியே கத்திவிட்டாள். “இதை நான் காணேல்லையே!”

“எங்களுக்குக் ‘கோ’ ஒரு எழுத்து” என்று நிதானமாக விளக்கினார் ஜெமீலா. “கணினிக்கு அது ‘க’வும் ஒரு குறியும். முதலெழுத்தை மட்டும் எடு எண்டு சொன்னால் குறியை வெட்டி எறிஞ்சுபோடும். ‘வீ’ ‘வ’ ஆகும், ‘மு’ ‘ம’ ஆகும். ‘த’வில வெட்ட ஒண்டுமில்லை. அதாலதான் பரமலிங்கம் மட்டும் தப்பினார். கையால எழுதிறவன் இப்பிடி ஒழுங்காப் பிழை விடமாட்டான். மெசின்தான் விடும்.”

“எந்தக் கணினியும் அப்பிடிச் செய்யலாம்!” என்றார் குலவீரசிங்கம். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

“செய்யலாம். ஆனால் சந்திச்சு, பெயர் கேட்டு எழுதினவருக்கு வீரகத்தி வல்லிபுரம் ஆகமாட்டார். நீங்கள் கண்டது மனுசியை இல்லை, வெட்டுப்பட்ட எழுத்தை. அந்த எழுத்து இருந்தது பொங்கலுக்குப் பிறகு உங்களுக்கு வந்த பரிசோதனைப் பிரதியில. குறிகளையும் ஆண்டுகளையும் இடம் மாத்தினீங்கள். பெயரில பிழை இருக்குமெண்டு நினைக்கேல்ல. கார்த்திகைத் திகதியோ, கணினியின்ர நாளைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டுச் சேமிச்சால் எந்தக் கோப்பிலும் விழும்.”

“அப்ப பிழை இருக்கிறதுதான் பிறகு வந்தது!” சுகிர்தன் மேசையில் ஓங்கி அடித்தான். “குழு தலைகீழா யோசிச்சிட்டுது!”

குலவீரசிங்கம் எழுந்தார். கதவைப் பார்த்துவிட்டு மீண்டும் அமர்ந்தார். “மாநாட்டுக்கு ஒரு கட்டுரை அவசரமாத் தேவைப்பட்டது” என்றார் மிக மெல்ல.

இளையதம்பி அவரைப் பார்க்கவேயில்லை. தாட்சாயினியின் பக்கம் திரும்பி, “பிள்ளை, உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன். பல்கலைக்கழகத்துக்கு இண்டைக்கே நான் நேரில போறன். முதல் இதழின்ர முதல் கட்டுரை உங்கடதுதான்” என்றார்.

தாட்சாயினி அழுவாள் என்று சுகிர்தன் நினைத்தான். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாகேஸ்வரியைக் கட்டிப்பிடித்தாள்.

பதிவு திரும்பக் கிடைத்தது. மாநாட்டு மலரிலிருந்து அந்தக் கட்டுரை நீக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து இரண்டு ஆய்விதழ்கள் அவளுடைய உசாத்துணை நடையைத் தங்களுக்கும் கேட்டு வாங்கின.

ஆவணியில் முல்லைத்தீவில் நடந்த ‘களப்பு’ முதல் இதழின் வெளியீட்டு விழாவுக்கு, வட்டுவாகலிலிருந்து ஒரு சிறிய லொறி நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். விருந்தினருக்கென்று போட்டிருந்த முன்வரிசைக் கதிரைகளில் இளையதம்பியே அவர்களைக் கூட்டிவந்து இருத்தினார். ஜெமீலாவும் சுகிர்தனும் கடைசி வரிசையில் நின்றார்கள். தாட்சாயினியின் பெயரை அழைத்தபோது மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அவள் ஒலிவாங்கியைப் பிடித்தபடி, சந்தோசத்தில் சொல் வராமல் நின்றாள்.

“கதை, பிள்ளை!” என்று முன்வரிசையிலிருந்து உரக்கக் கூப்பிட்டார் நாகேஸ்வரி. “கேக்கத்தானே வந்தனாங்கள்!”

தாட்சாயினி தொண்டையைச் செருமிக்கொண்டு, இதழை விரித்து, தன் கட்டுரையின் முதல் வரியை வாசிக்கத் தொடங்கினாள்.