இன்னொரு யானை

பதினோரு வயது பரீதாவின் முன்னால் இரண்டு ஓலைச்சுவடிகள் இருந்தன. ஒன்று தலையணை மாதிரி தடியாக இருந்தது. இன்னொன்று ஒல்லியாக இருந்தது. இரண்டுமே இலக்கணச் சுவடிகள். தம்பிக்கு எது சரிப்படும் என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

"நீதான் சொல்லணும் பரீதா. எனக்கு ஓலை எழுத்து படிக்க வராது" என்றார் உம்மா பரக்கத் பீவி.

அது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரின் கொடி பறந்துகொண்டிருந்த காலம். வாப்பா ஜமால் முகம்மது துணிமூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பெல்லாம் வீட்டில்தான். குர்ஆன் ஓத உம்மா சொல்லிக்கொடுத்தார். தமிழ் எழுத்துகளை வாப்பா கிளம்புவதற்கு முன்பே மணலில் எழுதிக் காட்டிவிட்டார்.

"இனிமே இலக்கணம் படிங்க. வியாபாரி வீட்டுப் பிள்ளை எழுதற கடிதத்தைத் துறைமுகத்துல நாலு பேர் படிப்பாங்க. சிரிக்கிற மாதிரி இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

சொல்லிவிட்டுப் போவது சுலபம். எட்டு வயது சம்சுதீனை உட்கார வைப்பது யார்? இலக்கணம் என்ற பேச்சை எடுத்தாலே அவன் ஏரிக்கரைக்கு ஓடிவிடுவான்.

அதைப் பார்த்துத்தான் அப்துல் ரவூப் மாமாவுக்குக் கவலை வந்துவிட்டது. ஊருக்கு வரும்போதெல்லாம் பேரீச்சம்பழம் கொண்டுவரும் நல்ல மாமா அவர். ஆனால் இந்த முறை பழத்தோடு ஒரு நிபந்தனையையும் கொண்டுவந்திருந்தார்.

"பன்னெண்டாம் நாள் நான் நாகப்பட்டினம் கிளம்பறேன். அங்கேயிருந்து மலாக்காவுக்குக் கப்பல் போவுது. அதுக்குள்ள சம்சு அவன் வாப்பாவுக்கு ஒரு நல்ல கடிதம் எழுதிட்டான்னா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா என்னோட வரட்டும். நாகப்பட்டினத்துல நல்ல வாத்தியார் இருக்காரு."

வாப்பாவும் இல்லாத வீட்டில் தம்பியும் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பரீதாவுக்குப் பிடிக்கவில்லை.

சுவடிகளைக் கொடுத்தவர் சுண்ணாம்புக்குளத்துக் கஸ்தூரியம்மாள். தோணியில் வந்து இரண்டு சுவடிகளையும், படி எடுக்க ஒரு கட்டு வெற்றோலையையும் கொடுத்தார்.

"எங்க வீட்டுக்காரர் சேர்த்து வெச்சதும்மா. ரெண்டையும் பாரு. ஒண்ணை நீ வெச்சுக்கோ. பன்னெண்டாம் நாள் வருவேன், மத்ததைக் கொடுத்துடு. எங்க ஊருலயும் ரெண்டு பசங்க காத்துட்டு இருக்குதுங்க."

பரீதா முதலில் தடிச் சுவடியைப் பிரித்தாள். உள்ளே எல்லாம் பாட்டுப் பாட்டாக இருந்தது; எடுத்துக்காட்டு என்றாலே யானைதான் வந்தது. வாய்விட்டு ஒரு முறை படித்தாலே அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மூன்று நாளில் இருபது பாட்டு மனப்பாடம். சோறு தின்னும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

சம்சுதீனுக்கு அரைப் பாட்டுகூட ஏறவில்லை.

"அக்கா, யானை நீந்துமா?" என்று கேட்டான் மூன்றாம் நாள்.

"அதுக்கும் பாடத்துக்கும் இன்னாடா சம்பந்தம்?"

"நீந்தும்னா நம்ம ஏரிக்கு வரும் இல்லே? நாமளும் பாக்கலாம். பாக்காத ஒண்ணைப் பத்தியே மூணு நாளா பேசிட்டு இருக்கோமே!"

பரீதாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தச் சுவடியைத் திருப்பித் தர அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் கட்டி ஓரமாக வைத்தாள். படிக்க வேண்டியவன் அவன்தானே?

அடுத்தது ஒல்லிச் சுவடி. அதில் கேள்வியும் பதிலுமாக இருந்தது. பாட்டு கிடையாது. பரீதாவுக்குக் கொட்டாவி வந்தது. சம்சுதீனோ கேள்வி கேட்டால் பதிலைக் கடகடவென்று ஒப்பித்தான். மூன்றே நாளில் பத்துப் பதில்கள்! பரீதா துள்ளிக் குதிக்காத குறைதான். மாமாவைக் கையோடு அழைத்து வந்தாள்.

"பெயர்ச்சொல் என்றால் என்ன?" என்று கேட்டார் மாமா.

"ஒன்றின் பெயரைக் குறிக்கும் சொல் பெயர்ச்சொல். எடுத்துக்காட்டு: மலை, வயல், யானை."

"சபாஷ்! இன்னொண்ணு சொல்லு பாப்போம்."

சம்சுதீன் விழித்தான். அக்காவைப் பார்த்தான். உம்மாவைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.

"இன்னொரு யானை, மாமா" என்றான்.

உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டு, "ஒப்பிக்கறான். புரியல. இன்னும் ஆறு நாள்தான் இருக்கு" என்று எழுந்து போனார்.

அன்று மாலை சம்சுதீன் ஒரு பெட்டியில் தன் சொத்துகளை அடுக்கினான். நாலு கிளிஞ்சல், ஒரு பூநாரை இறகு, வலையிலிருந்து அறுந்துபோன ஒரு மிதவைக் கட்டை. பரீதா பார்த்தும் பார்க்காதவள் போல உள்ளே போய் அழுதாள்.

அடுத்த இரண்டு நாளும் காற்றும் மழையும் பிய்த்து எடுத்தன. ஏரியில் ஒரு தோணிகூட இறங்கவில்லை. பரீதா சொன்னதையே சொல்லிக்கொடுத்தாள். அவனும் அதே மலை, அதே வயல், அதே யானை என்று ஒப்பித்தான்.

மூன்றாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. பாடத்துக்குக் கூப்பிட்டால் சம்சுதீனைக் காணோம். எங்கே போயிருப்பான் என்று சொல்லவா வேண்டும்? பரீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள்.

அங்கே ஒரே சத்தம். பக்கத்துத் தோணிரேவுக் குப்பத்து மீனவர்கள் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் துளசிங்கம், சம்சுதீனின் சிநேகிதர். மற்றவர் அங்கமுத்து.

சண்டை எதைப் பற்றி என்று பரீதாவுக்குத் தெரியும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நிறையக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. அதனால் ஏழு வலைக்காரர்களும் ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர்.

"முந்தாநாள் உன் பாடு. நேத்து மாணிக்கம் பாடு. இன்னிக்கு என் பாடு. விரல் விட்டு எண்ணிக்கோ!" என்றார் துளசிங்கம்.

"புயல்ல எவன் போனான்? என் பாடு அப்படியே கீது!" என்றார் அங்கமுத்து.

இருவருக்கும் நடுவில் ஒரு சின்னத் தலை புகுந்தது.

"துளசிங்கண்ணே, நீங்க தப்பா எண்றீங்க" என்றான் சம்சுதீன். "நாளை எண்ணக் கூடாது, வலையை எண்ணணும். வலை நனைஞ்சா பாடு முடிஞ்சுது. நனையலேன்னா பாடு நிக்கும். முந்தாநாள் யார் வலையும் நனையல. நேத்தும் நனையல. அதனால இன்னிக்கு அங்கமுத்தண்ணன், நாளைக்கு மாணிக்கண்ணன், அதுக்கு மறுநாள்தான் நீங்க. அப்புறம் சின்னய்யன், பலராமன், கன்னியப்பன், கடைசியா பெரியதம்பி. ஆனா பலராமண்ணன் வீட்ல கல்யாணம். அதனால அவரும் கன்னியப்பண்ணனும் மாத்திக்கணும்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். துளசிங்கம் தலையைச் சொறிந்தார்.

"என் சிநேகிதன்னு பேரு. எனக்காகப் பேச மாட்டியா நைனா?"

"நியாயம் அவர் பக்கம் இருக்குதே அண்ணே."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். துளசிங்கமும் சிரித்தபடியே தன் வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

பரீதா மட்டும் சிரிக்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவனுக்கா விதி புரியாது? விதி தெரிகிறது. அது ஏன் வந்தது என்று தெரிகிறது. எந்த இடத்தில் மாறும் என்பதும் தெரிகிறது. புரியாதது இலக்கணம் இல்லை. மலையும் வயலும் யானையும்தான்!

வீட்டுக்கு ஓடி வந்து ஒல்லிச் சுவடியைப் பிரித்தாள். கேள்விகளை அப்படியே வைத்துக்கொண்டாள். எடுத்துக்காட்டுகளை மட்டும் தூக்கிப் போட்டாள். வெற்றோலையை எடுத்து எழுத்தாணியால் கீறத் தொடங்கினாள். மலை இருந்த இடத்தில் மடவை மீன் வந்தது. வயல் இருந்த இடத்தில் வலை வந்தது. யானை இருந்த இடத்தில் இறால் வந்து உட்கார்ந்தது.

"வலை நனைந்தது, வலை நனைகிறது, வலை நனையும். இதுல எது நேத்து நடந்தது?" என்று கேட்டாள்.

"நனைந்தது! ஆனா நேத்து நனையலயே அக்கா. புயல் இல்லே?"

"டேய், பாடத்துக்குச் சொல்றேன்டா."

"பாடத்துலயும் பொய் சொல்லக் கூடாதுக்கா."

பரீதா நனைந்ததை அடித்து, 'தோணி ஆடியது' என்று மாற்றினாள். அடுத்த ஓலையில் மடவை சேற்றுக்குள் தூங்கியது என்று எழுதியிருந்தாள். சம்சுதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மடவை துள்ளும் அக்கா! சேத்துல கிடக்கறது நண்டு!" அதையும் மாற்றினாள்.

அன்றிலிருந்து பாடத்துக்கு அவனைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. எழுத்தாணியை எடுத்து வைத்துக்கொண்டு அவன்தான் அவளைத் தேடினான். பதினோராம் நாள், தனியாக மூலையில் உட்கார்ந்து கடிதம் எழுதினான். யாருக்கும் காட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை மாமா வந்தார். பயணத்துக்குத் தயாராக இருந்தார். சம்சுதீனின் பெட்டியும் வாசலில் தயாராகத்தான் இருந்தது.

"பெயர்ச்சொல், இன்னொண்ணு சொல்லு" என்றார் எடுத்த எடுப்பில்.

"மடவை, இறால், நண்டு, கொடுவா, கெளுத்தி, பூநாரை, துடுப்பு, பாய், நங்கூரம், முகத்துவாரம், துளசிங்கம், அங்கமுத்து..."

"போதும், போதும்!" மாமா இரண்டு கையையும் தூக்கினார். "கடிதம் எங்கே?"

சம்சுதீன் ஓலையை நீட்டினான். மாமா உரக்கப் படித்தார்.

"வாப்பாவுக்கு சலாம். நாங்கள் எல்லாரும் நலம். இங்கே இரண்டு நாள் புயல் அடித்தது. யாருடைய வலையும் நனையவில்லை. அதனால் எல்லாருடைய பாடும் அப்படியே நின்றது. நம் வீட்டிலும் ஒரு பாடு நிற்கிறது. சாப்பிடும்போது உங்கள் இடத்தில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை. நீங்கள் வந்து உட்காரும்வரை அது உங்கள் பாடு. மாமா என்னை அழைத்துக்கொண்டு போகலாம். மாமா நல்லவர். நான் போனால் என் இடத்தையும் அப்படியே வைக்கும்படி அக்காவிடம்..."

மாமாவின் குரல் அங்கே நின்றுவிட்டது. மறுபடி படிக்கப் பார்த்தார். முடியவில்லை. உம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பு ஏதாவது இருக்குதா மாமா?" என்று பயந்துபோய்க் கேட்டான் சம்சுதீன்.

"ஒண்ணும் இல்லேடா." மாமா ஓலையைச் சுருட்டிப் பட்டுத் துணியில் பத்திரமாக முடிந்தார். "துறைமுகத்துல நாலு பேர் இல்லே, நானூறு பேர் படிக்கட்டும். நான் கடிதத்தை எடுத்துட்டுப் போறேன். எழுதினவன் இங்கேயே இருக்கட்டும்."

பரீதா ஓடிப்போய் வாசலில் இருந்த பெட்டியை உள்ளே தூக்கி வந்தாள். இந்தக் கிளிஞ்சலும் இறகும் இவ்வளவு லேசா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாமா கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கஸ்தூரியம்மாளின் தோணி வந்தது.

"எதைம்மா வெச்சுக்கறே? எதைக் கொடுக்கறே?"

பரீதா ஒல்லிச் சுவடியை நீட்டினாள். அதோடு புதிதாக எழுதிய ஓலைகளும் ஒரு கட்டாகச் சேர்ந்திருந்தன. அதே ஓலைகளை இன்னொரு படி எழுதி வீட்டில் வைத்திருந்தாள்.

"இது இன்னாம்மா? நான் கொடுத்தப்போ இது இல்லையே?"

"எங்க ஏரி எடுத்துக்காட்டு, அம்மா. உங்க ஊருப் பசங்களும் ஏரிக்கரைப் பசங்கதானே? அவங்களுக்கும் சுலபமா இருக்கும்."

கஸ்தூரியம்மாள் ஓலைகளைப் புரட்டினார். மடவை துள்ளுவதையும் நண்டு சேற்றில் கிடப்பதையும் படித்துப் புன்னகைத்தார். "அப்போ அந்தப் பெரிய சுவடி?"

"அதை நான் வெச்சுக்கட்டுமா? எனக்காக?" பரீதாவின் குரல் கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது.

"வெச்சுக்கோம்மா. உன்னை மாதிரி ஒரு ஆளைத்தான் அது தேடிட்டு இருந்துது."

தோணி நகர்ந்ததும் பரீதா தடிச் சுவடியை மடியில் வைத்துப் பிரித்தாள். பக்கத்தில் யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்த யானைப் பாட்டைப் படி."

"உனக்குத்தான் யானை பிடிக்காதே?"

"பிடிக்காதுன்னு யார் சொன்னா?" என்றான் சம்சுதீன். "அது நீந்துமா நீந்தாதான்னு நீ இன்னும் சொல்லவே இல்லையே!"