லபக்

கடல் துப்புரவு நிலையத்தின் வண்டி பல் மருத்துவமனை வாசலில் வந்து நின்றபோது, வரவேற்பு மேசையில் ரெஜினா கைப்பேசியில் 'லபக்' ஆடிக்கொண்டிருந்தாள். சின்னக் குமிழி ஒன்று குண்டூசியை விழுங்கிக் கொஞ்சம் பெரிதாகும். பிறகு செருப்பு, மேசை, லாரி, கடைசியில் ஊரே உள்ளே போகும். நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவள் அவள்தான். பரிசு ஏதாவது தரப்போகிறார்கள் என்று நினைத்து வண்டியில் ஏறினாள்.

கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர் கனகசபை அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"கடல்விழுங்கி தெரியுமாம்மா?"

தூத்துக்குடியில் அதைத் தெரியாதவர் இல்லை. கடலில் சேரும் பிளாஸ்டிக், இரும்புக் குப்பையை விழுங்கி, உருக்கி, தன் உடம்போடு ஒட்டிக்கொண்டு வளரும் இயந்திரம். மூன்றே வருடத்தில் கடலைத் துடைத்து வைத்திருந்தது.

"எதை விழுங்கணும், எதை விட்டு விலகணும்னு நாங்க அதுக்குச் சொல்லித் தரலை. உங்க ஆட்டத்தைப் பாத்துக் கத்துக்கிச்சு."

"என் ஆட்டத்தையா?"

"நாலாயிரம் ஆட்டம். இப்போ குப்பை தீர்ந்துபோச்சு. காலையில ரெண்டு படகை விழுங்கிடுச்சு. ஆளுங்க குதிச்சுத் தப்பிச்சாங்க."

ரெஜினாவின் கணவன் சேவியர் விடியும்போதே கடலுக்குப் போயிருந்தான்.

"அதை நிறுத்துங்க சார்!"

"நிறுத்துற சமிக்ஞையை வாங்குற கருவி அதோட வயித்துக்குள்ளயே புதைஞ்சுபோச்சு. மேல நாப்பது அடிக்கு இரும்பு வளந்து கிடக்கு. நாங்க அனுப்புறது எதுவும் அதுக்குக் கேக்கலை. அதான் உங்களைக் கூப்பிட்டோம். ஆட்டத்துல நீங்க எதுக்குப் பயப்படுவீங்க?"

திரையில் சிவப்பாக ஒரு வட்டம் நகர்ந்தது. அதற்கு முன்னால் பதினோரு பச்சைப் புள்ளிகள். அவற்றில் ஒன்று சேவியரின் படகு.

"என்னைவிடப் பெருசா ஒண்ணு வந்தா ஓடிருவேன்."

கனகசபை துறைமுகத்துக்குப் பேசினார். வெளிக்கடலில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்று இருபது நிமிடத்தில் குறுக்கே வந்து நின்றது. சிவப்பு வட்டம் தயங்கியது. பிறகு திரும்பி ஓடியது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சேவியரே கைப்பேசியில் பேசினான். "கப்பல்ல ஏறிட்டோம் ரெஜினா. எல்லாரும் பத்திரம். படகை அப்படியே விட்டாச்சு. டீ கூடக் குடுத்தாங்க."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்தபடி திரையைப் பார்த்தவளின் முகம் மாறியது.

"சார், அது எங்க போகுது?"

"ஓடுதும்மா. நீங்க சொன்ன மாதிரியே."

"நான் சும்மா ஓட மாட்டேன் சார். சின்னச் சின்னதா நிறைய இருக்கிற இடமாப் பாத்து ஓடுவேன். சீக்கிரம் வளரணும்ல?"

கனகசபை வரைபடத்தைப் பார்த்தார். நேர் எதிரே மீன்பிடித் துறைமுகம். முந்நூறு விசைப்படகுகள் அங்கே நெருக்கியடித்துக் கட்டிக் கிடந்தன.

சங்கு ஊதியது. கூடைகளைப் போட்டுவிட்டு ஜனங்கள் ஓடுவதைக் கேமரா காட்டியது. கடைசி ஆள் சாலையில் ஏறும்போது முதல் வரிசைப் படகுகள் உள்ளே போயின. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. படகுத்துறை, பளுதூக்கி, டீசல் தொட்டி. கால் மணி நேரத்தில் அங்கே வெறும் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"கப்பலைவிடப் பெருசாயிடுச்சு," என்றார் கனகசபை. "இனி என்ன பண்ணும்?"

ரெஜினாவுக்குத் தெரியும். துரத்தியவனைவிடப் பெரிதாக வளர்ந்து, திரும்பிப் போய் அவனையே விழுங்குவது. அந்த ஆட்டத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

சிவப்பு வட்டம் கடல் பக்கம் திரும்பியது.

அவள் கணவனை அழைத்துக் கத்தினாள். "ஏங்க, கப்பலை விட்டு இறங்குங்க! உடனே இறங்குங்க!"

"இறங்கி எங்க போறது?" என்றான் சேவியர். "சுத்தியும் கடல்தானே."